நான்காம் மாதிரி வீட்டில் குடியிருந்தவர்கள்

கோச் மேல் சோபாக்காரருக்கு நம்பிக்கை வந்ததற்கு ஒரே காரணம், அந்த ஆள் உட்கார்ந்திருந்த சோபா.

சோபாக்காரர் என்பது அவருக்குக் கடையில் விழுந்த பெயர். பெரிய ஃபர்னிச்சர் கடை ஒன்றில் சோபா பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். ஆளை முகத்தைப் பார்த்து எடை போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது, எதன் மேல் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் பார்ப்பார். டாக்டரிடம் போனால், டாக்டர் இவர் நாடியைப் பிடிப்பதற்குள் இவர் டாக்டரின் நாற்காலியை அமுக்கிப் பார்த்துவிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் மாமியார் வீட்டுக்குப் போனபோதும், பிரம்பு நாற்காலியின் பின்னல் சீராக இருந்ததைப் பார்த்துத்தான் நல்ல குடும்பம் என்று மனதுக்குள் முடிவு கட்டினார். அந்த ஒரு விஷயத்தில் அவர் கணிப்பு தப்பாமல் போய்விட்டது. அதனால் இந்தக் கிறுக்கு குணமாக வழியில்லாமல் முற்றிவிட்டது.

கோச் வந்தது போனில், வீடியோ வழியாக. வீடு வாங்கி, வாடகைக்கு விட்டு, விற்று, மறுபடி வாங்கிப் பணம் பண்ணுவது எப்படி என்று கற்றுத்தருகிற கோச். இளநீலக் கோட்டு, வெறுங்கால், பின்னால் சாம்பல் நிறத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா. "ஒரு வீடு வாங்குறவன் அதுல குடியிருப்பான். பத்து வீடு வாங்குறவன்தான் வாழ்வான்" என்பார். என்ன அர்த்தம் என்று யோசிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார். அவரிடம் சேர ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருந்தது. அந்த ஒரு இடம் ஏழு மாசமாகப் பாக்கி இருந்தது.

சோபாக்காரர் பேச்சைக் கேட்கவில்லை. சோபாவைப் பார்த்தார். தேக்குக் கால், கையால் தைத்த விளிம்பு. தங்கள் கடைச் சரக்கேதான். பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் பிளாஸ்டிக் ஆப்பிள், பின்னால் கோதுமை நிறத் திரை. கடைக்குள் சரக்கைக் காட்ட வீடு போலவே அமைத்திருந்த நான்காம் மாதிரி வீட்டில் என்னென்ன உண்டோ அத்தனையும் அந்தப் படத்தில் அப்படியே இருந்தது. குஷன்களின் நடுவில் கையால் வெட்டின மாதிரி ஒரு பள்ளம்கூட இருந்தது. தினம் காலையில் சோபாக்காரர் தன் கையாலேயே வெட்டுகிற பள்ளம்.

வேறு யாராவது இருந்தால் இது நம்ம கடையாச்சே என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். சோபாக்காரர் கடையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாடிக்கையாளருக்காகக் காத்திருந்தார். ஒருநாள் வருவார், மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்ப்பார், ஆப்பிள் உட்பட மொத்தத்தையும் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் அப்படியே வைத்துக்கொள்வார். அந்த மகராசன் தான் கடையில் இல்லாத வார விடுமுறை நாளில் வந்துவிட்டுப் போய்விட்டார் என்றுதான் அவருக்குப் பட்டது.

"ஜன்னல்ல வெளிச்சமே வரலையே" என்றாள் மனைவி, போனை எட்டிப் பார்த்துவிட்டு.

"திரை கனமான துணி" என்றார் அவர், பெருமையாக.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் பூராவும் ஜனங்களின் கையைத் தட்டி, நரம்பைக் கண்டுபிடித்து, ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். அவளிடம் ஒரு குரல் உண்டு. முரடனும் சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டுகிற குரல். "ஒரு நிமிஷம்தான். எங்கேயோ பாருங்க" என்பாள். பார்த்துத் திரும்புவதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு வீடு. பத்து வேண்டாம், ஒன்று போதும். அதையும் அவளே கண்டுபிடித்திருந்தாள். இரண்டாவது மாடி, இரண்டு அறை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போவின் பின்பக்கம் தெரியும். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் விற்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் முன்பணம் வரவில்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பேங்கில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, ரொக்கமாக வேண்டும். கோச்சும் அதே செவ்வாய்க்கிழமைக்குள் ரொக்கமாகக் கொடுத்தால்தான் அந்தக் கடைசி இடம் என்றிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் கல்யாணமான நாளிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது ஒரே ஒரு கவர். அது இங்கே போனால் அங்கே இல்லை.

இதை அவர்கள் வீட்டில் வைத்துப் பேச முடியாது. ஒரே அறை, அடுப்படி, மேல் மாடியில் வீட்டுக்காரர். நடுவில் இருக்கிற தளம் அவ்வளவு மெல்லிசு. இங்கே தும்மினால் அங்கேயிருந்து வெந்நீர் குடிக்கச் சொல்லிக் குரல் வரும். மாசம் பிறந்ததும் வீட்டுக்காரர் இறங்கி வந்து வாசலில் நிற்பார். வாடகை என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான், சோபாக்காரரின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகும். எத்தனை வருஷத்துப் பழக்கம். ஒருமுறை தெருவில் யாரோ யாரிடமோ "அப்புறம்?" என்று கேட்டதற்குக்கூட அவர் கை பாதி தூரம் போய்விட்டது.

அதனால் அந்தக் குடும்பத்தின் பெரிய முடிவுகள் எல்லாமே கடையில், நான்காம் மாதிரி வீட்டின் சாப்பாட்டு மேசையில்தான் எடுக்கப்பட்டன. ஆரம்பத்தில் முதலாளி முகத்தைச் சுளித்தார். ஆனால் இவர்களோடு இருக்கும் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று மூன்று பேரும் அந்த மேசையில் உட்கார்ந்து முட்டிக்கொண்டபோது, பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி, வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதே மேசையை ஆறு நாற்காலியோடு வாங்கிப் போனார்கள். அன்றிலிருந்து முதலாளி மாறிவிட்டார். சரக்கு தேங்கினால் சோபாக்காரரைக் கூப்பிட்டு, "என்னப்பா, மேசை ஒண்ணுமே போகலை. வீட்ல பிரச்சினை எதுவும் இல்லையா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

அவர் போட்ட கட்டளை ஒன்றுதான். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது வீடு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வீட்டில் குடியிருக்கிறவர்கள். இது கடை, நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று எவனாவது வாயைத் திறந்தால் அன்றோடு வேலை காலி.

செவ்வாய்க்கிழமை சோபாக்காரருக்கு வார விடுமுறை. விடுமுறை நாளில் அவர்கள் கடைக்குப் போனது அதுதான் முதல் தடவை. பேங்கிலிருந்து எடுத்த கவர் அவருடைய சட்டையின் உள்பையில் இருந்தது. மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மாதிரி வீட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் கடையைப் பார்த்துத் திறந்து கிடக்கும். பின்தெருவுக்கு ஒரு கதவு, அழைப்பு மணியோடு. சரக்கு இறக்குகிற வழிதான், ஆனால் வீட்டு வாசல் மாதிரியே வர்ணம் அடித்திருந்தார்கள். குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. டிவி அட்டையில் செய்தது. மாடிப்படி ஏழெட்டு ஏறிச் சுவரில் முட்டி நிற்கும்.

சோபாக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். இந்தப் பணத்தை அந்தப் பெரியவரிடம் கொடுத்தால் ஒரு வீடு, அதோடு கதை முடிந்தது. கோச்சிடம் கொடுத்தால் அடுத்தவன் பணத்திலேயே வரிசையாக வீடு வாங்குகிற வித்தை கைக்கு வரும். அதில் ஒன்றை அவளுக்கே எழுதி வைப்பார், மாமியாருக்கும் ஒன்று. மனைவி, வித்தை வருகிற வரைக்கும் எங்கே தூங்குவது என்று கேட்டாள். அதற்கு அவர், நீ சின்னதாக யோசிக்கிறாய் என்றார். அது கோச்சின் வாசகம்.

"மாப்பிள்ளை, அந்த வீட்டு வாத்தியாருக்கு மொத்தம் எத்தனை வீடு?" என்று மாமியார் கேட்டார்.

"நாப்பத்தி ரெண்டு, அத்தை."

"அத்தனை வீட்டுக்காரன் எதுக்கு நம்ம கவருக்கு அலையறான்?"

மாமியாருக்கு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அப்போது வாசல் மணி அடித்தது.

பின்கதவைத் தன் வீட்டுக் கதவைத் திறப்பது போலத் திறந்துகொண்டு கோச் உள்ளே வந்தார். அதே இளநீலக் கோட்டு. ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார். பின்னால் ஒரு தம்பதி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்கள். கணவரின் சட்டையிலேயே ஸ்கூல் பெயர் தைத்திருந்தது. "வாங்க, வாங்க. இதுதான் நம்ம வீடு. நாப்பத்தி ரெண்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வீடு" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் படம் எடுத்துக்கொள்ள முதலாளி அவருக்கு அந்த இடத்தை விட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே ஆள் இருப்பார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வேறு ஒருவன் என்றால் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றிருப்பான். கோச்சுக்கு ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான் பிடித்தது.

"இவங்க நம்ம குடித்தனக்காரங்க" என்றார்.

சோபாக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிய வேண்டியதெல்லாம் புரிந்திருக்க வேண்டும். புரியவும் செய்தது, ஒரு மாதிரியாக. கோச் இந்த வீட்டையும் வாங்கிவிட்டார் போலிருக்கிறது, முதலாளி நம்மிடம் சொல்லவே இல்லையே என்று அவர் மனம் முதலில் முதலாளியைத்தான் கோபித்துக்கொண்டது.

மனைவி வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் திறந்த பக்கத்தில், கட்டில் பிரிவுக்கு அருகில், முதலாளி நிற்பதைப் பார்த்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். முதலாளி பிரமாதம், அப்படியே போகட்டும் என்று கையால் ஜாடை காட்டினார். இது கடை என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால் புருஷனுக்கு வேலை போகும். வேலை போனால் வீடும் இல்லை, கோச்சும் இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

டிரைவிங் ஸ்கூல்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் சுவரே இல்லையே என்று மெல்ல இழுத்தார். நான்தான் இடிக்கச் சொன்னேன், சுவர் இருந்தால் பணம் எந்த வழியாக உள்ளே வரும் என்று கோச் கேட்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் அதை ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அந்தச் சமயம் பார்த்து, கடைக்கு வந்த ஒரு அம்மாள் திறந்த பக்கமாக உள்ளே தலையை நீட்டி, இந்த மேசை என்ன விலை என்று கேட்டார்.

"பார்த்தீங்களா?" என்றார் கோச், தம்பதியிடம். "நான் விக்கிறேன்னு யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுக்குள்ள வந்து கேக்கிறாங்க. இதுதான் நான் சொல்ற டிமாண்ட்."

தம்பதி அந்த அம்மாளை மரியாதையோடு பார்த்தார்கள். சோபாக்காரரும் பார்த்தார். இத்தனை வருஷமாக நாயாகப் பேயாகப் பேசி அவர் விற்ற மேசைகளை, இந்த மனுஷர் வாயைத் திறக்காமலே விற்கிறார் என்று கோச்சுக்கு இன்னொரு கும்பிடு போட்டார்.

கோச்சுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்றால் என்ன என்று நிறைய பேர் கேட்கிறார்கள், நான் விளக்கப்போவதில்லை, காட்டப்போகிறேன் என்றார். சாம்பல் நிற சோபாவில் போய் உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டு சோபாக்காரரைப் பார்த்துச் சிரித்தார். நாளைக்குத் தருகிறேன் சார் என்பது போல ஏதாவது இந்த ஆள் உளறுவான், அதை வைத்துப் பெருந்தன்மையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாம் என்பதுதான் அவர் போட்ட கணக்காக இருக்க வேண்டும்.

"அப்புறம்?" என்றார் கோச்.

சோபாக்காரரின் கை சட்டைக்குள் போனது. உள்பையிலிருந்து கவரை எடுத்தது. நீட்டியது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் சோபாக்காரருக்கே தெரியும்.

கோச்சும் ஆடிப்போனார், அதைச் சொல்லியாக வேண்டும். கவரின் கனம் கையில் பட்டதும் அவர் முகத்தில் பயம் மாதிரி ஒன்று வந்தது. நாற்பத்தி இரண்டு வீட்டில் ஒரு வீட்டிலிருந்தும் அவருக்கு வாடகை வந்ததில்லை, ஏனென்றால் ஒரு வீடும் இல்லை. ஆனாலும் பணம் வந்தால் எங்கே போக வேண்டும் என்று அவர் கோட்டுப் பைக்குத் தெரிந்திருந்தது. "ஒண்ணாம் தேதி தவறினதே இல்ல" என்று தம்பதியிடம் சொல்லிக்கொண்டே கவரை உள்ளே வைத்துக்கொண்டார்.

கவர் போனதைச் சோபாக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டு வாங்கவும் முடியாது. கேட்டால் இது வாடகை இல்லை என்று சொல்ல வேண்டும், வாடகை இல்லையென்றால் இது வீடு இல்லை, வீடு இல்லையென்றால் முதலாளி அங்கேதான் நிற்கிறார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் ஜன்னல், பஸ் டிப்போ, இரண்டு அறை, எல்லாம் ஒரு இளநீலக் கோட்டுக்குள் போய்விட்டது. அனுப்பி வைத்தது அவருடைய கை.

மனைவி எழுந்தாள். சோபாவுக்கு அருகே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கோச்சுக்கு எதிரில், முட்டி முட்டியில் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தாள். ரத்தம் எடுக்கிறபோது உட்காருவது போலவே.

"சார், ஒரு நிமிஷம்தான்" என்றாள். அந்தக் குரல். "வாடகை குடுத்தாச்சு. பாக்கி ஒண்ணும் இல்லைல்ல?"

"இல்ல, இல்ல" என்றார் கோச்.

"சந்தோஷம். நாங்க இன்னிக்கே காலி பண்றோம். நாங்க குடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க."

கோச் சிரிக்கப் பார்த்தார். அட்வான்ஸ் என்பதெல்லாம் முறைப்படி வரும், அதற்கு முன்னால் சொல்ல வேண்டும், பெயின்ட் அடிக்கிற செலவு இருக்கிறது என்று நாற்பத்தி இரண்டு வீட்டுக்காரர் சொல்லக்கூடியதையெல்லாம் சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, உலகத்து வீட்டுக்காரர்கள் சொல்கிற அத்தனையும் அவருக்குப் பாடமாக இருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நரம்பு கிடைக்காத கையைப் பார்த்து அவள் எப்போதும் பதறியதில்லை.

"ஏன் காலி பண்றீங்க? வீடு அழகாத்தானே இருக்கு?" என்று டிரைவிங் ஸ்கூல்காரரின் மனைவி கேட்டாள்.

மாமியார் இதற்காகத்தான் காத்திருந்தார். அவருக்கு நடிக்கத் தெரியாது, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. குழாயில் இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை என்றார். போய்த் திறந்தும் காட்டினார். ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே பின்பக்கமே இல்லை, சுவர் தெரிகிறது. டிவி அட்டை. ஜன்னல் திரையை விலக்கினால் சுவர். மாடிக்குப் படி இருக்கிறது, மாடி இல்லை. "பாத்ரூம்னு ஒரு கதவு இருக்கு பாரும்மா, அதைத் திறந்தா கட்டில் விக்கிறாங்க" என்று முடித்தார். ஒரு வார்த்தை பொய் இல்லை.

டிரைவிங் ஸ்கூல்காரரின் மனைவி படியில் ஏறிச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். அவள் முகம் மாறியிருந்தது. வீடு பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றியது அவளுடைய பழைய வாடகை வீடு. அங்கேயும் குழாயில் தண்ணீர் வராது, அங்கேயும் காலி செய்தபோது அட்வான்ஸைத் தராமல் ஒரு வருஷம் அலைய விட்டார்கள்.

"நீங்களும் அந்த மாதிரி ஓனர்தானா சார்?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் கோச் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு பக்கம் கோட்டுக்குள் கவர். இன்னொரு பக்கம், சேர்வதற்குப் பணத்தோடு வந்து நிற்கிற தம்பதி, கைப்பையின் கனமே சொல்லியது. எதிரில் முக்காலியில், கண்ணை எடுக்காமல் கையை நீட்டியபடி ஒருத்தி. திறந்த பக்கத்தில் கூட்டம் வேறு. அதில் இரண்டு பேருக்காவது அட்வான்ஸ் வராமல் இருந்திருக்கும். அட்வான்ஸைக் குடுங்க சார் என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"எங்கேயோ பாருங்க சார்" என்றாள் மனைவி. "சுருக்குனு இருக்கும். அவ்வளவுதான்."

கோச் எங்கேயோ பார்த்தார். அவருடைய கை கோட்டுக்குள் போய்க் கவரை எடுத்து அவளிடம் கொடுத்தது. அவள் பிரித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டி, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். "நான் யாரையும் பிடிச்சு வைக்கிறதில்ல" என்று கோச் அறைக்குப் பொதுவாகச் சொன்னார். குரல் கொஞ்சம் வறண்டிருந்தது.

டிரைவிங் ஸ்கூல்காரர் கண் கலங்கிவிட்டார். காலி செய்கிற அன்றைக்கே அட்வான்ஸைத் திருப்பித் தருகிற ஓனரை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை என்றார். எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கோச்சின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கூட்டத்திலிருந்தும் இரண்டு பேர் போன் நம்பர் கேட்டார்கள். முதலாளி அன்றைக்கு மூன்று மேசையும் ஒரு பொய் ஃபிரிட்ஜும் விற்றார்.

காலி செய்கிறவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தானே போக வேண்டும். மூன்று பேரும் பின்கதவு வழியாகத் தெருவுக்கு வந்தார்கள். லாரிகள் நிற்கிற தெரு. கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"என் கை தானாப் போச்சு" என்றார் சோபாக்காரர்.

"தெரியும்" என்றாள் மனைவி.

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். இதற்கு அப்புறம் அந்த மனுஷர் திருந்தியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆனாலும் அந்த ஆளுடைய திறமையைப் பார்த்தாயா என்று ஆரம்பித்தார். கையில் ஒரு வீடு இல்லாமல் வீட்டுக்காரராக நிற்கிறார், குடித்தனக்காரர் இல்லாமல் வாடகை வாங்குகிறார், இந்த வித்தையைத்தான் நான் கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னேன், இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது. மாமியார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்துவிட்டார்.

மனைவி நின்றாள். அவள் கத்தினால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரத்தம் எடுக்கிற குரல் இல்லை, அவளுடைய சொந்தக் குரல் வந்தது.

"எத்தனை வருஷமா உங்களோட பெரிய விஷயம் பேசணும்னா ஒரு கடைக்கு வந்து உக்கார்றேன். ஜனங்க எங்க அம்மாவை விலை கேக்கிறாங்க. எனக்கு நம்ம வீட்டுக்குள்ள உக்காந்து உங்களோட சண்டை போடணுங்க. யாரும் பாக்காம. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

லாரி ஒன்று பின்வாங்கிக்கொண்டு போனது. சோபாக்காரர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒருத்தியோடு இத்தனை நாள் ஒரே அறையில் குடியிருந்தும் அவளுக்கு என்ன வேண்டும் என்பது இப்போதுதான் காதில் விழுகிறதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. "பெரியவர் வீட்டுக்கு எந்தப் பஸ்?" என்று கேட்டார்.

பெரியவர் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணி வாங்கிக்கொண்டார். மீதிக்குக் கடன் கிடைத்தது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் குடிவந்துவிட்டார்கள். இரண்டு அறையிலும் சேர்த்து ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, மாமியாரின் பிரம்பு நாற்காலி. சோபா கிடையாது. சோபாக்காரர் சுவரோரம் தரையில் சாய்ந்து உட்கார்ந்து, நாள் முழுக்க மற்றவர்களை உட்கார வைத்த முதுகை நீட்டிக்கொள்வார்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் அடித்தது. கோச். நம்பரை முதலாளியிடம் வாங்கியிருக்கிறார். அவர் குரலில் மரியாதை கூடியிருந்தது. அன்றைக்கு மாதிரி ஒரு நிகழ்ச்சி அவர் வாழ்க்கையில் நடந்ததில்லையாம். சேர்கிறவர்கள் எல்லாரும் குடித்தனக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். வேறு ஆட்களை வைத்துப் பார்த்தாராம், ஒருவனுக்கும் அந்தக் கை வரவில்லையாம். செவ்வாய்தோறும் குடும்பத்தோடு வந்து ஒரு மணி நேரம் குடியிருந்துவிட்டுப் போக வேண்டும், கவரைக்கூட அவரே தந்துவிடுவார், வாடகை கொடுத்தால் போதும், மாமியார் குறை சொல்ல வேண்டும், கடைசியில் காலி செய்ய வேண்டும். சம்பளம் நீங்களே சொல்லுங்கள் என்றார்.

சோபாக்காரர் போனைக் கையால் மூடிக்கொண்டு விஷயத்தை மனைவியிடம் சொன்னார். அவள் சமையலறை ஜன்னலோரம் நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். இதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்பது போலப் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

அவர் போனைக் காதில் வைத்தார்.

"இல்ல சார்" என்றார். "நாங்க வாடகைக்கு இருக்கிறதில்ல. எங்களுக்குச் சொந்த வீடு இருக்கு."

வாயிலிருந்து வந்த பிறகுதான், அந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது அவருக்கு உறைத்தது. குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் கோச் சம்பளத்தை ஏற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சோபாக்காரர் போனை அணைத்துத் தரையில் வைத்துவிட்டு, அதே வார்த்தையை இன்னொரு தடவை சொன்னார், இந்தத் தடவை ஜன்னல் பக்கம் பார்த்து, மெதுவாக.

"கேட்டுச்சுங்க" என்றாள் மனைவி.